பாத்திரம் விற்கும் ருசிலாவுக்குச் சமைக்க வராது

ஃபிஜியில், நௌசோரி சந்தைக்கு எதிரே, பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி இருக்கிறது ரதிலால் கடை. பாய், போர்வை, பிளாஸ்டிக் வாளி, மண்வெட்டிக் காம்பு என்று முன்பாதியில் என்னென்னவோ கிடக்கும். பின்பாதி முழுக்கப் பாத்திரம். அந்தப் பின்பாதியை ஆண்டுவந்தவள் ருசிலா.

அந்தப் பெயர் நம் காதில் ஒரு மாதிரியாகத்தான் விழும். பைபிளில் வரும் துருசில்லாள் கப்பலேறி ஃபிஜிக்கு வந்ததும் ருசிலா ஆகிவிட்டாள், அவ்வளவுதான். பெற்றவர்கள் தமிழ் தெரிந்துகொண்டு வைத்த பெயரல்ல. ஆனாலும் எப்படியோ பலித்துவிட்டது. ருசிலாவுக்குச் சமைக்கவே வராது.

இது அவளிடம் பாத்திரம் வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது. யாராவது வந்து ஒரு பானையைத் தட்டிப் பார்த்தால் போதும், ருசிலா பக்கத்தில் வந்து நின்று டாக்டர் மாதிரி விசாரிக்கத் தொடங்குவாள்.

"வீட்ல என்ன அடுப்பு?"

"கேஸ் அடுப்பு."

"எத்தனை பேரு சாப்பிடுவீங்க?"

"ஆறு பேரு."

"ஞாயித்துக்கிழமை?"

வந்தவள் யோசிப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து யார் யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"அப்ப அந்தச் சின்னதை வை கீழ. இதை எடு. அடியைத் தட்டிப் பாரு, கெட்டியாச் சத்தம் வருதா? சூடு ஒரே இடத்துல நிக்காம பரவும். அந்த மெல்லிசு அலுமினியத்தை வாங்கினேன்னு வை, நடுவுல கருகும், ஓரத்துல பச்சையா நிக்கும். உன் மாமியார் கருகினதைத் தின்னுட்டு உன்னைப் பேசுவா, உன் புருஷன் பச்சையைத் தின்னுட்டு உன்னைப் பேசுவான்."

வந்தவள் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒட்டாத வாணலி கேட்டு வருகிறவளுக்கு மரக்கரண்டியையும் சேர்த்து விற்றுவிடுவாள். "கம்பிக் கரண்டியைப் போட்டுச் சுரண்டினா அப்புறம் நீ மீனைத் தின்ன மாட்டே, வாணலியோட தோலைத்தான் தின்னுவே." சின்ன பர்னர்மேல் யானை மாதிரிப் பானையை வைக்கிறவர்களைத் திட்டி அனுப்பியும் இருக்கிறாள். திட்டு வாங்கியவர்கள் அடுத்த வாரம் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

இதையெல்லாம் மேல் அடுக்கில் ஏணி போட்டு உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பான் விலிமோனே. அதே கடையில் மூட்டை இறக்குகிறவன். ருசிலாவுக்கு மாமன் மகன். ஃபிஜியில் மாமன் மகனுக்கும் அத்தை மகளுக்கும் நடுவில் கேலிக்கு வரம்பு கிடையாது. எவ்வளவு வாரினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது முறை. விலிமோனே அந்த முறையை ஒரு நாள்கூடத் தவறவிட்டவனல்ல.

"அக்கா, பானையை வாங்கிக்கங்க. அவ வச்ச குழம்பு எப்படி இருக்கும்னு மட்டும் கேட்டுடாதீங்க" என்று மேலிருந்து குரல் வரும்.

"நீ இறங்கி வா மச்சான், உன் தலையைத் தட்டிப் பாக்கிறேன். காலிப் பாத்திரம் எப்படிச் சத்தம் போடும்னு அக்காவுக்குத் தெரியணும்."

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். முதலாளி ரதிலாலும் சிரிப்பார். மாமன் மகன் கேலிதானே என்று யாரும் அதற்குமேல் எண்ணியதில்லை.

ருசிலாவுக்குக் கைப்பக்குவம் இல்லாதது பிறவிக் குறை அல்ல. அவளுக்கு வாய் திறந்தால் கண் மூடிக்கொள்ளும், அதுதான் சங்கதி. அடுப்பில் எதையாவது வைப்பாள். வேலிக்கு அந்தப்புறம் யாராவது போவார்கள். "எங்க இவ்வளவு அவசரமா?" என்று ஆரம்பிப்பாள். போகிறவர்கள் போன காரியத்தை மறந்துவிட்டு நின்றுவிடுவார்கள். பிறகு புகைதான் இருவரையும் பிரித்து வைக்கும்.

எபராமா அவளைக் கல்யாணம் செய்துகொண்டதே அந்த வாய்க்காகத்தான். அவன் கோரோவோ தடத்தில் பஸ் ஓட்டுகிறவன், ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் தினமும் வந்து உட்கார்ந்து ஒரு பெண் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். அவள் உடம்புக்கு முடியாமல் வராத ஒரு வாரம் பஸ் அவனுக்குச் சவப்பெட்டி மாதிரி இருந்தது. அடுத்த வாரமே அந்த ஊர் முறைப்படி திமிங்கலப் பல்லைக் கொடுத்துப் பெண் கேட்க ஆள் அனுப்பிவிட்டான்.

கல்யாணமான புதிதில் அவன் அம்மா மகன் வீட்டைப் பார்க்க வந்தாள். தனியாக வரவில்லை. அன்று மாலை ஆராதனையில் பிரசங்கம் செய்ய வேண்டிய போதகரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தாள். ருசிலா தானே சமைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். தேங்காய்ப்பாலில் சேம்பு இலை. சேம்பு இலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நன்றாக வெந்தால் வெண்ணெய், வேகாவிட்டால் தொண்டைக்குள் கம்பளிப்பூச்சி. அவள் வைத்தது மெல்லிய அலுமினியப் பானை. அடியில் இருந்தது தீய்ந்தது, மேலே இருந்தது தோட்டத்தில் இருந்த மாதிரியே இருந்தது. அந்த நேரம் அவள் வேலியோரம் இருந்தாள்.

போதகர் மரியாதை தெரிந்தவர். ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மாலையில் பிரசங்க மேடையில் ஏறி "பிரியமானவர்களே" என்று தொடங்கினார். பாதிதான் வந்தது. மீதி காற்றாக வந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டார், கண்ணில் நீர் வழிந்தது, கையை மேலே தூக்கினார், மறுபடி வாயைத் திறந்தார், மறுபடியும் காற்று. சபையார் தங்கள் பாவங்களை நினைத்துத்தான் அவர் இப்படிக் கரைகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். முன்வரிசைப் பெண்கள் விம்மினார்கள். பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, பக்கத்து வீட்டுப் பன்றியைத் திருடியது தான்தான் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். அந்த ஊரில் அதற்கு முன்போ பின்போ அப்படியொரு எழுப்புதல் கூட்டம் நடந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் எபராமா கரண்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். "நீ பேசு. நான் சமைக்கிறேன்" என்றான். அன்றைய நான்கு வார்த்தை அதோடு சரி.

அது முதல் அந்த வீட்டில் அதுவே ஏற்பாடு. ருசிலாவுக்கு அதில் குறையில்லை. ஆனால் கடையில் மட்டும் அவள் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சமைக்கத் தெரியாதவள் சொல்லி எவள் பானை வாங்குவாள்? அந்த ஒரு விஷயம் அவள் நெஞ்சில் சின்ன முள்ளாக இருந்துகொண்டே இருந்தது.

இப்படி இருக்கையில்தான் ரதிலால் ஒரு பெட்டி நிறைய மின்காந்த அடுப்புகளை வரவழைத்தார். இண்டக்‌ஷன் அடுப்பு. கறுப்புக் கண்ணாடிப் பலகை மாதிரி இருக்கும். தீ கிடையாது, சிவக்கும் கம்பி கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டு போனார்களே தவிர ஒருவரும் வாங்கவில்லை.

ரதிலால் குஜராத்திக்காரர், எல்லாப் பெண்களையும் 'பென்', அதாவது சகோதரி, என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார். "ருசிலா பென், சனிக்கிழமை கடை வாசல்ல மேஜை போடறோம். நீங்க சமைச்சுக் காட்டறீங்க. ஜனங்க தின்னு பாக்கட்டும். ஆனா மீன், கறி எதுவும் வேண்டாம், என் வீட்டம்மா கடைப்பக்கம் வர மாட்டா. சேம்பு இலை வச்சுடுங்க, தேங்காய்ப்பால் ஊத்தி."

மேல் அடுக்கில் ஏணி ஒருமுறை ஆடியது. விலிமோனே சிரிப்பை அடக்க அலமாரியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"போதகரையும் கூப்பிடலாமா முதலாளி?" என்றான்.

"கூப்பிடேன், நல்லதுதானே" என்றார் ரதிலால்.

அந்த வாரம் முழுக்க எபராமா வீட்டில் அவளுக்குப் பாடம் எடுத்தான். பாடம் என்றால் பக்கத்தில் நின்று அடுப்பைக் காட்டுவது. பேசும்போதெல்லாம் தீய்ந்தது. கடைசியில் அவித்த மரவள்ளிக்கிழங்குத் துண்டு ஒன்றை அவள் வாயில் அடைத்து நிற்க வைத்தான். அன்றைக்குச் சேம்பு இலை வெண்ணெயாக வந்தது. அவளுக்கே நம்ப முடியவில்லை. ஆனால் வாயில் கிழங்கோடு எப்படி அடுப்பு விற்பது?

சனிக்கிழமை சந்தைக் கூட்டம் மொத்தமும் வாசலில் நின்றது. மேஜைமேல் அடுப்பு பளபளத்தது. ருசிலா கழுவிய இலையைப் பானையில் அமுக்கி, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, மூடியை வைத்து, பொத்தானை அமுக்கினாள். அடுப்பு கீங் கீங் என்று கத்தியது. வணக்கம் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் பஸ்கள் உறுமுகிற சத்தத்தில் அது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. அவள் பார்வை ஜனங்கள்மேல்தான் இருந்தது.

"புகை வருதா? வராது. கரி ஒட்டுதா? ஒட்டாது. பக்கத்துல புள்ளைங்க ஓடினாலும் பயமில்ல. கண்ணாடி சுடாது, பாத்திரம் மட்டும்தான் சுடும்!"

நண்டு விற்கிற லனியானா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். கண்ணாடியைத் தொட்டாள். பிறகு பானையையும் தொட்டாள்.

"ஏண்டி, பானையே குளுகுளுன்னு இருக்குதே!"

"அதான் இதோட மகிமை!" என்றாள் ருசிலா, யோசிக்காமல்.

கூட்டம் 'ஆ' என்றது. ஒவ்வொருவராக வந்து பானையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர் கன்னத்தை வைத்துப் பார்த்தார். ரதிலாலுக்கு முகமெல்லாம் பல்.

"அப்ப உள்ள எப்படி வேகும்?" என்றாள் லனியானா.

"இப்ப பாரு" என்று ருசிலா மூடியைத் தூக்கினாள்.

இலைகள் குளித்துவிட்டு வந்த மாதிரி பச்சைப் பசேல் என்று தண்ணீரில் மிதந்தன. ஒரு சின்ன நத்தை மட்டும் பானையின் ஓரமாக ஏறிக்கொண்டிருந்தது.

கடைக்குள் அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பன்றி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. விலிமோனே சிரித்துக்கொண்டிருந்தான். ருசிலாவுக்குப் புரிந்துவிட்டது. கடையில் ஒரே அளவில், ஒரே பளபளப்பில் இரண்டு விதப் பானை உண்டு. ஒன்று அடியில் இரும்புத் தகடு வைத்த எவர்சில்வர், மற்றது வெறும் அலுமினியம். இரும்பு இல்லாவிட்டால் இந்த அடுப்பு பாத்திரத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அவள் எடுத்து வைத்திருந்த நல்ல பானையை அவன் மாற்றி வைத்திருக்கிறான்.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ருசிலா நத்தையை எடுத்துப் பக்கத்தில் விட்டாள். பானை அடியைச் சோதிக்க வைத்திருந்த காந்தத் துண்டைப் பையிலிருந்து எடுத்தாள். தண்ணீரைக் கீழே கொட்டிப் பானையைக் கவிழ்த்து, அடியில் காந்தத்தை வைத்தாள். அது வழுக்கிக் கீழே விழுந்தது.

"பாத்தீங்களா? இதைக் காட்டத்தான் இவ்வளவு நேரம் நின்னேன். தப்பான பானையை வாங்கினா இப்படித்தான் மத்தியானம் வரைக்கும் நின்னுக்கிட்டிருப்பீங்க. காந்தம் ஒட்டணும். ஒட்டினாத்தான் இந்த அடுப்பு எரியும்!"

"அப்ப மகிமைன்னு சொன்னே?" என்றாள் லனியானா.

"நீ எவ்வளவு தூரம் நம்புவேன்னு பாத்தேன்."

அதோடு சந்தையே கிளம்பிவிட்டது. சாப்பாட்டுக் கடைக்காரிகள் தங்கள் பானைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். காந்தம் ஒன்றுதான், கை மாறிக் கை மாறிப் போனது. புத்தம் புது அலுமினியத்தில் வழுக்கி விழுந்தது, மூலையில் கிடந்த பழைய இரும்பு வாணலியில் பச்சக்கென்று ஒட்டியது. வட்ட அடிக் கடாயிலும் ஒட்டியது. ஆனால் அந்தக் கடாய் கண்ணாடிமேல் உட்காராமல் ஊஞ்சலாடியது. "அடி தட்டையா இருக்கணும், அதைச் சொல்ல மறந்துட்டேன்" என்றாள் ருசிலா. ஒருவன் காந்தத்தை பஸ் கதவில் ஒட்டிவிட்டு, இந்த பஸ்ஸிலும் சமைக்கலாம் என்றான்.

இந்தக் களேபரத்தில் ருசிலா சரியான பானையை வைத்து, புது இலை போட்டு, அடுப்பை உச்சத்தில் வைத்துவிட்டாள். இந்த முறை அடுப்பு வேலை செய்தது. அவள் பேசி முடிப்பதற்குள் தண்ணீர் கொதித்துப் பொங்கிக் கண்ணாடிமேல் ஓடியது. அவசரத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றினாள், சூட்டைக் குறைக்காமல். பால் திரிந்து எண்ணெய் ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கம் என்று பிரிந்தது. அவள் இன்னும் காந்தத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

எதிரே நின்ற கோரோவோ பஸ்ஸின் டிரைவர் சீட்டிலிருந்து எபராமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஹாரனை அடித்தான். அவள் கையாட்டினாள். மறுபடி நீளமாக அடித்தான். அவள் முத்தம் காட்டினாள். அவன் தாங்க முடியாமல் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தான். பஸ் கிளம்பப் போகிறது என்று ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் "எங்கப்பா போறே?" என்று கேட்டுக்கொண்டே அவன் பின்னால் வந்தார்கள்.

அவன் நேராக வந்து சூட்டைக் குறைத்தான். மேஜையடியில் மிச்சமிருந்த கெட்டிப்பாலை எடுத்துக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டான். ஒரு வெங்காயத்தை உள்ளங்கையிலேயே அரிந்து போட்டான். கரண்டியின் பின்புறத்தால் இலையை மெல்ல அமுக்கினான். வாசனை மாறியது. கூட்டம் மூக்கை நீட்டிக்கொண்டு மேஜையை நெருங்கியது.

"யாரு இந்த ஆளு?" என்றார் ரதிலால்.

"என் புருஷன்" என்றாள் ருசிலா, சின்னக் குரலில்.

"அவருக்குச் சமைக்கத் தெரியுமா?"

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து விலிமோனே தலையை நீட்டினான். "முதலாளி, அந்த வீட்ல அவனுக்கு மட்டும்தான் தெரியும்!"

லனியானா முதலில் சிரித்தாள். பிறகு சந்தையே சிரித்தது. ருசிலாவும் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. முகம் வெந்த நண்டு மாதிரி சிவந்தது. கடைக்குள் போய், பாத்திர அலமாரிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெரிய பானைமேல் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷம் திட்டித் திட்டிப் பானை விற்ற வாய் அது. நாளைக்கு யார் தன் பேச்சைக் கேட்பார்கள் என்று நினைத்தபோது, அவளுக்குப் பேசுவதற்கு ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து விலிமோனே ஒரு தட்டோடு வந்தான். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த உறவில் இல்லை. தட்டை அவள் மடியில் வைத்தான்.

"தின்னு. காறல. நான் ரெண்டு தட்டு தின்னு பாத்துட்டேன்."

அவள் தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"ஏ புள்ள, திட்டு. எனக்கு என்னமோ பண்ணுது."

"மச்சான், உன் மண்டையில காந்தம் வச்சுப் பாத்தேன்னா ஒட்டவே ஒட்டாது. வெறும் அலுமினியம்."

"அப்பாடா" என்று அவன் மூச்சு விட்டான்.

வெளியே பஸ் பயணிகளும் சந்தைக்காரர்களும் பானையைத் துடைத்துத் தின்றிருந்தார்கள். கோரோவோ போக வேண்டியவர்கள் யாரும் நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஒரு பாட்டியம்மா மட்டும் பஸ்ஸுக்குள்ளேயே இருந்து ஹாரனை அடித்துக்கொண்டிருந்தாள். தனக்கு இன்னும் தட்டு வரவில்லை என்று. அன்று எல்லா அடுப்பும் விற்றது என்று சொன்னால் அது பொய். சில விற்றன. காந்தம்தான் நிறைய விற்றது. ரதிலால் வேறு கடைகளிலிருந்து வாங்கி விற்றார்.

திங்கட்கிழமை ஒரு புதுப்பெண் பின்பாதிக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். ருசிலா பெருமூச்சு விட்டுக்கொண்டு முந்திக்கொண்டாள். "தங்கச்சி, முதல்லயே சொல்லிடறேன். எனக்குச் சமைக்க வராது."

"தெரியும்க்கா. சனிக்கிழமை நானும் இருந்தேன்" என்றாள் அந்தப் பெண். குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் வராது. அதான் உங்ககிட்ட வந்தேன். சமைக்கத் தெரிஞ்சவங்க எந்தப் பானையை வாங்கினாலும் சமைச்சுடுவாங்க. என்னை மாதிரி ஆளுக்கு எது தாங்கும்?"

ருசிலா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, கனமான அடி, கண்ணாடி மூடி, கொதித்தால் கத்துகிற கெட்டில் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். மதியச் சாப்பாட்டு மணி தாண்டியும் பேச்சு முடியவில்லை.

அதிலிருந்து மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை எபராமாவுக்கு விடுப்பு. அவன் சமைப்பான், அவள் பேசுவாள். பெண்கள் அவனைச் சுற்றி நின்று "கையைப் பாரு, எவ்வளவு பதமா கிண்டறான்" என்று மெச்சினால் மட்டும் ருசிலாவுக்குப் பொறுக்காது. "கையை என்ன பாக்கறே? பாத்திரத்தைப் பாரு" என்று அதட்டுவாள்.

பேர் பரவி, பக்கத்துத் தீவில் உள்ள லம்பாசாவில் கடை வைத்திருக்கும் ரதிலாலின் தம்பி இருவரையும் அழைத்தார். கப்பலில் போனார்கள். கடல் அன்று சரியில்லை. ருசிலா வழி முழுக்க வாளியைக் கட்டிக்கொண்டிருந்தாள். கரை ஏறியும் தலை சுற்றியது. தம்பி வீட்டில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள். எபராமா தனியாகப் போய் மேஜைக்குப் பின்னால் நின்றான்.

அவன் அன்றைக்குச் சமைத்ததுபோல் எப்போதும் சமைத்ததில்லை என்று லம்பாசாவில் சொல்வார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லி, வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு மூடிகூட விற்கவில்லை.

சாயங்காலம் அவன் வந்து பாய் ஓரமாக உட்கார்ந்தான்.

"எப்படிப் போச்சு?" என்றாள் ருசிலா கண்ணைத் திறக்காமல்.

"எல்லாரும் சாப்பிட்டாங்க."

"வாங்கினாங்களா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். "நாளைக்கு நீ வா" என்றான்.

ருசிலா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். எழுந்து உட்கார்ந்து, தலைமுடியைக் கோதிக் கட்டிக்கொண்டாள். "அங்க என்ன அடுப்பு வச்சிருக்காங்க? என்ன பாத்திரம்? அடியைத் தட்டிப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே. சரி, முதல்லேருந்து சொல்லு" என்று ஆரம்பித்தாள். எபராமா சுவரில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொண்டான். அவன் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இருக்கவில்லை.